தூங்குமூஞ்சி மரத்தை உறங்கவைப்பது எது?

தமிழகத்தின் நெடுஞ்சாலைகளிலே பயணம் செய்தவர்கள் தூங்குமூஞ்சி மரத்தை அறிவர். குடை விரித்தாற்போல் கிளை பரப்பி, வீதியின் இரு கரைகளையும் ஒருசேர மூடி நிற்கும் பெருமரம் அது. பேராதனை வளாகத்தில் கற்றவர்களும் கற்பித்தவர்களும் அதன் நிழலில் நடந்திருப்பர். சிங்கள மக்கள் அதனை 'மாரா' என்பர். மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமது தேசங்களுக்கு வந்து சேர்ந்த அந்நிய மரமாயினும், எமது மக்கள் அதற்குச் சூட்டிய பெயரைப் போல் பொருத்தமான பெயரை எந்தத் தாவரவியலாளரும் சூட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் அதன் சிற்றிலைகள் சோடி சோடியாகக் கூம்பித் தொங்கிவிடும், விடிந்ததும் விரியும்.

அந்தக் கூம்பலுக்குக் காரணமான பொருள் மரத்தின் எந்தக் கலத்தில், எந்தப் புரதத்தைப் பற்றிப் பிடிக்கிறது என்பதைத் தேடிய யப்பானிய இரசாயனவியலாளர் சிலர் 2008ஆம் ஆண்டில் ஒரு விடையை வெளியிட்டனர். விடையைக் காட்டிலும் அதனைத் தேடிய முறையே எம்மைக் கவர்ந்தது. இக்கட்டுரை அம்முறையைப் பற்றியது.

விம்பிள்டனில் சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்பொன்றுக்கு நாம் இடையிடையே செல்வதுண்டு. பொழுதுபட்ட பின்னர் செடிகொடிகளில் கை வைக்கலாகாது, அவை உறங்குகின்றன என்று ஊரிலே பெரியவர்கள் கூறுவதை ஒருமுறை அங்கே சொல்ல நேர்ந்தது. இங்கே பிறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உடனே கேட்டாள்: "மரத்துக்கு மூளை இல்லையே, நித்திரைக்கு நேரமாகிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?" அருகிலிருந்த தாய்மார் இருவர், வெளிச்சம் குறைவதால்தான் என்று விடை சொன்னார்கள். பெரும்பாலானோர் சொல்லக்கூடிய விடை அதுதான். ஆனால் அவ்விடை போதாது என்பது இற்றைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்துவிட்டது. எமது பிள்ளைகள் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்கிறார்கள். அந்த மரங்களையோ அவர்கள் கண்டதில்லை. மரங்களோடு வளர்ந்த பெற்றோருக்கு அந்த விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. ஒரே வீட்டில் இரண்டு அரைகுறை அறிவுகள் அருகருகே இருந்து, ஒன்றோடொன்று பேசாமலே போகின்றன. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

இலைகளின் உறக்கத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு அலெக்சாந்தர் காலத்ததாகும். அவருடைய படையுடன் சென்ற அந்திரோஸ்தனிஸ் என்ற கிரேக்கர், இன்று பஹ்ரெயின் எனப்படும் தீவில் இரவில் இலை கூம்பும் மரமொன்றைக் கண்டு எழுதிவைத்தார். அது எமது புளியமரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1729இல் பிரெஞ்சு வானியலாளரான தெ மேரான், இலை கூம்பும் செடியொன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத நிலையிலும் அச்செடி பகலில் இலையை விரித்தது, இரவில் கூம்பியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதற் சான்று. வெளிச்சம் அக்கடிகாரத்தைச் சரிசெய்யும். அதனை ஓட்டுவது வெளிச்சமன்று.

சாள்ஸ் டார்வின் தமது மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880இல் தாவரங்களின் அசைவாற்றல் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். விம்பிள்டன் வாசகர்களுக்காக ஒரு சிறு செய்தி: அந்நூலையும், அதற்கு முன்னர் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற நூலையும் பதிப்பித்த ஜோன் மரே, விம்பிள்டனில் வீடு வைத்து வாழ்ந்தவர். புளியாரை முதலான செடிகளின் இலைகளை உறங்கவிடாது தக்கையில் ஊசி குத்தி விரித்துவைத்து, தெளிந்த குளிர் இரவில் வெளியே விட்டார் டார்வின். விரிந்திருந்த இலைகள் குளிரால் அதிகம் பழுதடைந்தன. கூம்பிய இலைகள் தப்பின. இரவிலே வானை நோக்கி வெப்பத்தை இழக்காதிருப்பதற்கே இலைகள் கூம்புகின்றன என்று அவர் முடிவு செய்தார். ஏன் கூம்புகின்றன என்ற வினா இன்றும் விவாதத்துக்குரியது. எவ்வாறு கூம்புகின்றன என்ற வினாவோ வேறு பாதையில் சென்றது.

அப்பாதையில் எமது துணைக்கண்டத்தவர் ஒருவரும் நடந்தார். கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் இலண்டன் றோயல் சங்கத்தில், தாவரங்களும் தூண்டலுக்கு மின்னாற் பதிலளிக்கின்றன என்று எடுத்துரைத்தபோது, உடற்றொழிலியலில் அக்காலத்துப் பெரும்புள்ளியாயிருந்த பேர்டன் சாண்டர்சன் அதனை ஏற்க மறுத்தார். போஸின் கட்டுரை அச்சேறாமல் நின்றது. 1914இல் அவர் மீண்டும் வந்து மைடா வேல் பகுதியில் ஆய்வுகூடம் அமைத்து, தொட்டாற்சுருங்கியையும் தொழுகன்னியையும் கொண்டு வருவோர்க்கெல்லாம் பரிசோதனை காட்டினார். கொதிநீரில் துடித்த கோவாவைக் கண்டு மரக்கறி உணவாளரான பேர்னாட் ஷோ மனம் வருந்தினார் என்று போஸின் வாழ்க்கை வரலாறு கூறும். தொட்டாற்சுருங்கியில் செய்தியைக் கொண்டுசெல்வது மின்னே என்றார் போஸ். சாற்றோடு செல்லும் ஓர் இரசாயனப் பொருளே என்று 1916இல் எழுதினார் இத்தாலியரான ரிக்கா. இருவருக்கும் உண்மையில் பங்குண்டு என்பதே இன்றைய நிலை. தொட்டாற்சுருங்கியின் இலை மடங்குவதற்குச் சற்று முன்னர் கல்சியம் அலையும் மின்குறியும் ஒன்றாகவே ஓடுவதை யப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர் 2022இல் படம்பிடித்துக் காட்டினர். மடங்கும் இலைகள் பூச்சிகளின் கடியிலிருந்து தப்புகின்றன என்பதையும் அவர்களே காட்டினர்.

தொட்டால் மடங்குவது வேறு. பொழுதுக்கு மடங்குவது வேறு. இரண்டுக்கும் கருவி மட்டும் ஒன்றே. இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் மூட்டுப் போன்றதொரு சிறு புடைப்பு உண்டு. அதன் மேற்பக்கக் கலங்களும் கீழ்ப்பக்கக் கலங்களும் எதிரெதிராக வேலை செய்கின்றன. ஒரு பக்கத்துக் கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறினால் நீரும் உடன் வெளியேறும், கலங்கள் சுருங்கும். மறுபக்கத்தவை நீரை ஏற்று வீங்கும். இலை சுருங்கிய பக்கமாகச் சாயும். அமெரிக்க ஆய்வாளரான ரூத் சாற்றர் அம்மையார் 1970களில் வாகை இனத்திலும் தூங்குமூஞ்சி மரத்திலும் இப்பொற்றாசியப் போக்குவரத்தை அளந்து காட்டினார். தசையும் இல்லை, நரம்பும் இல்லை; உப்பும் நீரும் இடம்மாறுவதே இலையின் அசைவு. ஆனால் எந்தக் கலம் எப்போது கதவைத் திறக்கவேண்டும் என்று ஆணையிடுவது எது?

ஓர் இரசாயனப் பொருள் என்பது ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கைச் சேர்ந்த ஷில்ட்னெக்ற்றின் விடை. 1980களில் அவர் பல தாவரங்களிலிருந்து இலையசைக்கும் பொருட்களைப் பிரித்தெடுத்து, எல்லாத் தாவரங்களுக்கும் பொதுவான புதியதோர் ஓமோன் வகையைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். பாடநூல்களிலும் அது ஏறியது. யப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஷோசுகே யமமுராவும் மினோரு உவெதாவும் அதனை மீளப் பரிசோதித்தபோது வேறொரு சித்திரம் வெளிப்பட்டது. அப்பொதுப் பொருள் இலையை மூடச்செய்ததற்கு அதன் கடும் அமிலத்தன்மையே காரணம் என்று அவர்கள் வாதிட்டனர். செடிக்குள்ளே இயல்பான நிலையில் தொழிற்படும் பொருட்கள் செடிக்குச் செடி வேறானவை. அது மட்டுமன்று, ஒரே செடியில் மூடவைக்கும் பொருள் ஒன்று, விரியவைக்கும் பொருள் இன்னொன்று என இரண்டு இருந்தன.

அவர்கள் ஆராய்ந்த செடிகளின் பட்டியலைப் பார்த்தால் எமது வேலியோரமே நினைவுக்கு வரும். கீழ்க்காய்நெல்லி அவற்றுள் ஒன்று, தொட்டாற்சுருங்கி மற்றொன்று. சிவப்புக் கீழ்க்காய்நெல்லியின் மூடவைக்கும் பொருளை 1995இல் பிரித்து அறிவித்தனர். முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. செடிகளைக் கூடைகூடையாகச் சேர்த்துச் சாறெடுத்து, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நீரில் இட்டு, அதில் கொய்த இலையொன்றை நிறுத்துவர். பகலிலும் மூடியே இருக்கிறதா, இரவிலும் விரிந்தே இருக்கிறதா என்று காத்திருப்பர். இலைக்குக் கண்ணயர்ந்தால் தெரியாது. ஆய்வாளருக்குக் கண்ணயர முடியாது.

இரண்டு பொருட்களில் ஒன்று குளுக்கோசு ஒட்டப்பட்டதாக இருந்தது. நாளின் குறித்த நேரத்தில் ஒரு நொதியம் அக்குளுக்கோசை வெட்டிவிடும். வெட்டியதும் அப்பொருள் செயலிழக்கும். மற்றப் பொருளின் கை ஓங்கும். கீழ்க்காய்நெல்லியில் காலையில் வெட்டப்படுவது மூடவைக்கும் பொருள், ஆதலால் இலை விரிகிறது. கடிகாரம் நொதியத்தை ஆள, நொதியம் பொருட்களின் விகிதத்தை ஆள, விகிதம் இலையை ஆளுகிறது. வெட்டமுடியாத செயற்கைப் பொருளைச் செய்து தெளித்து, இரவும் பகலும் இலையை விரித்தே வைத்திருந்த செடி வாடி மடிந்தது என்றும் அக்குழுவினர் எழுதியுள்ளனர்.

இனி வாங்கியின் கதை. ஒரு பொருள் கலத்துக்கு ஆணையிட வேண்டுமானால் அதனை ஏற்றுக்கொள்ளும் புரதம் ஒன்று கலத்தில் இருக்கவேண்டும். அதனை வாங்கி என்பர். பூட்டும் திறப்பும் போல என்று வகுப்பிலே சொல்லுவோம். திறப்பு கையிலிருக்கிறது, ஆயிரமாயிரம் கதவுகளுள்ள நகரத்தில் பூட்டு எங்கே என்பது வினா. திறப்போ பூட்டிலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பட்டவுடன் விட்டு நீங்கும்; சுவடும் இராது.

கரையோரத்தில் வளர்ந்தவர்கள் தூண்டிலை நினைத்துக்கொண்டால் இரசாயனத் துருவி என்ற கருவி எளிதில் விளங்கும். தூண்டிலுக்கு மூன்று உறுப்புக்கள்: மீன் விரும்பும் இரை, பிடித்துக்கொள்ளும் முள், பிடிபட்டதைக் காட்டும் மிதப்பு. துருவியிலும் அவ்வாறே. இரை, செடியின் சொந்தப் பொருள். முள், ஊதா கடந்த கதிர் பட்ட கணத்தில் அருகிலுள்ள புரதத்துடன் நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும் ஓர் இரசாயனக் கூறு. மிதப்பு, பின்னர் ஆய்வுகூடத்தில் இனங்காண உதவும் பயோற்றின் போன்றதோர் அடையாளம். இரையின் எப்பக்கத்தில் முள்ளைக் கட்டினால் மீனுக்குத் தெரியாது என்று கண்டறிவதே கைவன்மை. தவறான பக்கத்தில் கட்டினால் இலை அசையாது.

முதலில் முள்ளில்லாத தூண்டிலைப் போட்டனர். ஒளிரும் சாயத்தை மட்டும் பொருளுடன் இணைத்து இலைத்துண்டுகளுக்கு ஊட்டினர். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சாயம் புடைப்பின் இயக்கக் கலங்களில் மட்டுமே தங்கியிருந்தது. தண்டிலோ இலைப்பரப்பிலோ இல்லை. அந்நகரத்தின் எந்தத் தெரு என்பது தெரிந்துவிட்டது. அடுத்தது வீட்டிலக்கம்.

முள்ளோடு தூண்டிலைப் போட்டதும் வேறொரு தொல்லை எழுந்தது. கலமென்சவ்வில் புரதங்கள் பல. அவற்றுள் சில எதனோடும் ஒட்டும் இயல்புடையவை. வலையை இழுத்தால் தேடிய மீனோடு குப்பையும் வரும். குப்பை எது, மீன் எது? ஒட்டியது என்பதனாலேயே அது வாங்கி என்று சொல்லிவிடலாகாது. இவ்விடத்தில்தான் உவெதா குழுவினர் ஓர் அழகிய உபாயத்தைக் கையாண்டனர்.

இலண்டன் மாரிகாலத்தில் கையுறை அணியாதவர் இல்லை. வலக்கை உறையும் இடக்கை உறையும் ஒரே துணி, ஒரே அளவு, ஒரே எடை. ஆயினும் ஒன்று மற்றக் கைக்குப் பொருந்தாது. இரசாயன மூலக்கூறுகளிலும் இவ்வாறு ஆடியில் தெரியும் விம்பம்போல் அமைந்த சோடிகள் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தை மூடவைக்கும் பொருள் யாஸ்மோனிக் அமிலத்தின் உறவினம். மல்லிகை இனத்து மலரெண்ணெயில் முதலில் இனங்காணப்பட்ட சேர்வையொன்றின் குடும்பம் அது. இயற்கையில் அது ஒரு கைப்பக்கமாக மட்டுமே உள்ளது. ஆய்வாளர் அதன் ஆடி விம்பத்தை ஆய்வுகூடத்திலே செய்தனர். விம்பம் இலையை மூடவைக்கவில்லை. பின்னர் இரண்டையும் துருவிகளாக்கி, ஒரே கல மென்சவ்வுக்கு ஊட்டி ஒப்பிட்டனர். கண்டபடி ஒட்டும் புரதங்கள் இரண்டிலும் ஒட்டும்; ஆதலால் அவற்றைத் தள்ளிவிடலாம். இயற்கைத் துருவியில் மட்டும் ஒட்டி, ஆடி விம்பத்தில் ஒட்டாதது எதுவோ அதுவே மெய்யான இலக்கு. ஏறத்தாழ 38 கிலோடால்ற்றன் நிறையுள்ள ஒரு மென்சவ்வுப் புரதம் அச்சோதனையில் தேறியது. அப்போது உவெதா வட யப்பானில் சென்டாய் நகரின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2008இல் அம்முடிவு ஜேர்மன் இரசாயன சஞ்சிகையொன்றில் வெளிவந்தது.

பல ஆண்டுகள் விரிவுரை மண்டபத்தில் நின்ற எமக்கு இதில் பிடித்தது யாதெனில், தமக்கு வேண்டிய விடையைத் தாமே மறுக்கக்கூடிய ஒரு சோதனையை அவர்கள் முன்னதாகவே அமைத்துக்கொண்டமை. விம்பத் துருவியிலும் அதே புரதம் ஒட்டியிருந்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீண். அந்த ஆபத்தை விரும்பி ஏற்பவரே ஆராய்ச்சியாளர். ஏனையோர் வக்கீல்கள்.

2011இல் ஜேர்மனிய ஆய்வாளருடன் சேர்ந்து அவர்கள் மேலும் ஒன்றைக் காட்டினர். யாஸ்மோனிக் குடும்பத்துக்கென ஏற்கனவே அறியப்பட்ட வாங்கி ஒன்று தாவரங்களில் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தின் இலை மூடுவது அதன் வழியாக அன்று, வேறு வழியாக. இயக்கக் கலங்களைத் தனியே பிரித்தெடுத்து அப்பொருளை இட்டபோது, புடைப்பின் ஒரு பக்கத்துக் கலங்கள் சுருங்கின. 2018இல் அதே மரத்தின் இலைகள் விரிவதை ஆளும் பொற்றாசிய வாயிலையும், எதிர்மின் அயன்களுக்கான வாயில்களையும் இனங்கண்டு வெளியிட்டனர். ரூத் சாற்றர் அளந்த பொற்றாசியம் எக்கதவால் போய்வருகிறது என்ற வினாவுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் கிடைத்த விடை அது.

இலை மடங்குவதற்கு இத்தனை பாடா என்று கேட்போர் உளர். அவர்கள் தலிடோமைட்டு என்ற மருந்தை எண்ணிப்பார்க்கவேண்டும். 1957இல் ஜேர்மனியிலும் அடுத்த ஆண்டு பிரித்தானியாவிலும் விற்பனைக்கு வந்த அவ்வுறக்க மருந்தைக் கருவுற்ற தாய்மார் வாந்திக்காக உட்கொண்டனர். கைகால் குறைபட்டுப் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல். 1961இன் இறுதியில் மருந்து மீளப்பெறப்பட்டது. ஆனால் அது உடலில் எதனைப் பற்றிப்பிடித்து அக்கேட்டை விளைத்தது என்பது அரைநூற்றாண்டாகத் தெரியாதிருந்தது. 2010இல் ரோக்கியோவில் இத்தோ, அந்தோ, ஹந்தா ஆகியோர் மருந்தை நுண்மணிகளில் கட்டித் தூண்டிலாக்கி, செரெபுளோன் என்ற புரதத்தைப் பிடித்தனர். அதே மருந்து இன்று ஒருவகை எலும்புமச்சைப் புற்றுநோய்க்குக் கடும் கட்டுப்பாட்டுடன் தரப்படுகிறது. அங்கும் அது பற்றுவது அப்புரதத்தையே. இதில் இன்னொன்றும் உண்டு. தலிடோமைட்டுக்கும் வலக்கை, இடக்கை உருவங்கள் உள்ளன. ஒன்று உடலுக்குள் சென்றால் மற்றதாக மாறிவிடும். கையுறை தானே கைமாறும் விந்தை அது. ஆதலால் நல்ல கையை மட்டும் தேர்ந்து கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திராது என்று சொல்வது சரியாகாது.

எமது வீடுகளுக்கு இன்னும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிப்பது எமது வழமை. இங்கேயும் உலர்ந்த தூளை ஊரிலிருந்து வருவிப்போர் இருக்கின்றனர். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பேர்க் ஆகியோர் இலண்டனிலிருந்து வெளிவரும் மருத்துவ ஏடான 'லான்செற்'றில் ஒரு முடிவை வெளியிட்டனர். கீழ்க்காய்நெல்லி இனமொன்றை உட்கொண்ட ஈரலழற்சி-பி நோய்க்காவிகள் 37 பேரில் 22 பேரின் குருதியில் நோய்க்குறி மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இனம் வேறா, விளைந்த மண் வேறா, தயாரித்த முறை வேறா என்று விவாதம் நீண்டது. செடியின் எந்தப் பொருள், வைரசின் அல்லது ஈரலின் எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்று கைகாட்ட முடிந்திருந்தால் அவ்விவாதம் அவ்வளவு நீண்டிராது. இலையை மூடவைக்கும் பொருள் ஈரலைக் காக்கும் பொருளன்று என்பதையும் சொல்லிவைப்போம். ஈரலழற்சி-பி உள்ளவர்களுக்கு வைத்தியசாலைகளில் முறையான மருந்து கிடைக்கிறது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்களும் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்து இரத்தப் பரிசோதனை கேட்கலாம். தூளை நம்பி அதனைத் தள்ளிப்போடுதல் நன்றன்று.

இலையின் உறக்கத்தைக் காணச் செலவு எதுவும் வேண்டியதில்லை. விம்பிள்டன் பொதுவெளியின் புல்தரையில் குளோவர் என்ற மூவிலைச் செடி மண்டிக் கிடக்கிறது. யூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல், எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோவிலுக்குச் சென்று திரும்பும் வழியிலும், புல்தரை உள்ள இடத்தில் குனிந்து பார்க்கலாம். பக்கத்து இலைகள் இரண்டும் கைகூப்பியதுபோல் ஒன்றுசேர்ந்திருக்கும். நடு இலை அவற்றின்மேல் கூரையாகக் கவிந்திருக்கும். வேலை செய்ய அனுமதி மறுக்கப்பட்டு, கடிதத்துக்காகக் காத்திருக்கும் எமது இளைஞர்களுக்கு இதைப் பார்ப்பதற்கும் குறித்துவைப்பதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டாம்.

தெ மேரானின் பரிசோதனையை வீட்டிலேயே செய்ய விரும்பும் பிள்ளைகளுக்குச் சமையலறையிலே பொருள் இருக்கிறது. பழப்புளிப் பொதியில் தவறித் தங்கிய கொட்டைகளில் நான்கைந்தை எடுத்து, தோலை ஒரு பக்கத்தில் அரத்தாளால் தேய்த்து, ஓர் இரவு வெந்நீரில் ஊறவிட்டுச் சாடியில் ஊன்றவேண்டும். வெப்பமூட்டிக்கு அருகிலுள்ள யன்னற் கரையில் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். பொதியிலுள்ள புளி அவிக்கப்பட்டதாயின் முளைக்காது. ஆகவே வேறு வேறு கடைகளில் வாங்கிய கொட்டைகளையும் சேர்த்து ஊன்றுவது நல்லது. நாலைந்து இலை விட்டதும், இரண்டு நாட்களுக்குச் செடியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மங்கிய விளக்கொளியில் ஒரு கணம் மட்டும் திறந்து பார்க்கவேண்டும். கண்டதைத் தமிழிலே எழுதிவைக்கட்டும்.